தண்ணீர் நின்ற இடம்

ஓல்போர்க்கில் இருந்துகொண்டு தமிழ்க் குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்துக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் தொழிலில், முதல் தொலைபேசி அழைப்பிலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: இந்த முறை கிரேக்கமா, துருக்கியா, இத்தாலியா? வரலாற்றுப் பாடத்தில் வரும் ரோமரையும் கிரேக்கரையும் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம்தான் அதன் பின்னால் இருக்கிறது. டென்மார்க்கில் வாழ்பவர்களுக்கு மத்தியதரைக்கடல் பழகிப்போன திசையும்கூட. மேற்கு யூட்லாந்தில் சேரபோர் என்ற சிற்றூரின் பாதிரியார் ஐலிஃப் க்ரோகர் 1950-இல் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனார். அந்தத் தொடக்கத்திலிருந்து நாட்டின் பெரிய சுற்றுலா நிறுவனங்களில் ஒன்று வளர்ந்தது. அதன்பின் வந்த தலைமுறைகளுக்குக் கோடை விடுமுறை என்றாலே தெற்கு நோக்கிய விமானம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த விமானத்தில் ஏற வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏறுவதற்கு முந்திய ஆண்டில், வீட்டு வாசலில் இருக்கும் லிம்ஃபியோர்ட் நீரிணையின் கரையோரமாக மூன்று நாள் போய்வர வேண்டும் என்கிறேன். அப்படிப் போனவர்களுக்கு மத்தியதரைக்கடல் பேசும், போகாதவர்களுக்கு அது வெறும் கல்லாக நிற்கும் என்பது இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த முடிவு. ஏன் என்று காரணத்தோடு சொல்லவேண்டியது என் கடமை.

மத்தியதரைக்கடல் கரையில் நடக்கும் குடும்பச் சுற்றுலா பெரும்பாலும் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குத் தாவுகிறது. எபேசஸ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தின் முகப்பு, பெரிய அரங்கம், பளிங்குத் தெரு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு படம். அரங்கத்தின் வாசலிலிருந்து அகன்ற தெரு ஒன்று நேராக மேற்கே போகிறது. அதன் பெயர் துறைமுகத் தெரு. ஆனால் தெரு முடியும் இடத்தில் துறைமுகம் இல்லை, சதுப்பும் நாணலும்தான். கடல் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. குச்சுக் மெண்டெரெஸ் ஆறு சுமந்துவந்த வண்டல் நூற்றாண்டு நூற்றாண்டாகத் துறைமுகத்தை மூடியது. கப்பல் வராத நகரம் தேய்ந்தது. அந்த நகரின் கதையில் முக்கால் பங்கு அந்தச் சதுப்பில்தான் இருக்கிறது, ஆனால் எந்தக் குடும்பமும் அங்கே நின்று பார்ப்பதில்லை, ஏனென்றால் பார்க்க எதுவும் இல்லை. இன்னும் தெற்கே மிலேட்டஸ். கி.மு. 494-இல் பாரசீகக் கப்பற்படையும் கிரேக்கக் கப்பற்படையும் லாடே தீவின் அருகே மோதின. இன்று அந்தத் தீவு வயல்வெளியின் நடுவே ஒரு சிறு குன்று. கடற்போர் நடந்த இடத்தில் பயிர் விளைகிறது என்று வழிகாட்டி சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், நம்பமாட்டார்கள். நம்புவதற்கு வேண்டிய பயிற்சி அவர்களுக்கு இல்லை. கரை அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது என்றுதான் பள்ளி வரைபடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆகவே பழைய கடற்கரை எதிலும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அன்று தண்ணீர் எங்கே நின்றது என்பதே. அந்தக் கேள்வியைப் பிள்ளை தானாகக் கேட்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு லிம்ஃபியோர்ட்டை விடச் சிறந்த பயிற்சிக் களம் எனக்குத் தெரியாது.

காரணம், அந்த நீரிணையே திறந்து மூடித் திறந்த ஒன்று. இன்று அது வடகடலிலிருந்து கட்டெகாட் வரை யூட்லாந்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் 1800-ஆம் ஆண்டளவில் வரைந்த ஒரு வரைபடத்தை விரித்தால் மேற்கு வாய் அடைபட்டிருக்கும். கிழக்கே மட்டும்தான் வழி. பேருந்தில் நான் பயன்படுத்தும் முதல் கருவி அருகருகே வைத்த இந்த இரண்டு வரைபடங்கள்தான். அதோடு ஒரு புதிர். 1085-இல் டென்மார்க் அரசர் நான்காம் க்னூட் இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஒரு பெருங் கப்பற்படையை லிம்ஃபியோர்ட்டில் திரட்டினார். இங்கிலாந்து இருப்பது மேற்கே. மேற்கு அடைபட்ட நீரிணையில் மேற்கே போகவேண்டிய படையை நிறுத்துவாரா ஓர் அரசர்? பத்து வயதுப் பிள்ளையும் இதற்கு விடை காணும்: அப்போது வாய் திறந்திருந்திருக்க வேண்டும். உண்மையும் அதுவே. ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டில்தான் மணல் மேற்கு வாயை அடைத்தது. அரசருக்கு அந்தப் படையால் பயன் கிட்டவில்லை என்பது வேறு கதை. தெற்கெல்லையில் வந்த ஆபத்தால் அவர் தாமதிக்க, கப்பல்காரர்கள் அறுவடைக்கு வீடு திரும்பினார்கள். மறு ஆண்டு இங்கே வென்சூசெலில் எழுந்த கிளர்ச்சி அவரை ஒடென்ஸ வரை துரத்தியது, அங்கே ஒரு தேவாலயத்தில் கொல்லப்பட்டார். பிள்ளைகள் கொலையை மறப்பதில்லை; ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு மேற்கு வாயும் மனதில் நின்றுவிடுகிறது. அதுதான் எனக்கு வேண்டியது.

முதல் நாளை முழுதாக லிண்ட்ஹோல்ம் ஹோயெக்குக் கொடுத்துவிட வேண்டும். ஓல்போர்க்கின் எதிர்க்கரையில், நொரெசுண்ட்பிக்கு மேலே, நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் மேடு அது. 1952 முதல் 1958 வரை நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 700 கல்லறைகள் வெளிப்பட்டன. மேட்டின் உயரமான பகுதியில் உள்ளவை கி.பி. 5-ஆம் நூற்றாண்டளவில் தொடங்குகின்றன. கீழே இறங்க இறங்கக் காலமும் இறங்கி வைக்கிங் காலத்தின் முடிவை எட்டுகிறது. பெரும்பாலும் உடலை எரித்துச் சாம்பலின் மேல் கல் அடுக்கியிருக்கிறார்கள். சுமார் 150 கல் அடுக்குகள் கப்பல் வடிவில் உள்ளன. ஒரு பிள்ளை மேலிருந்து கீழே நடந்தாலே ஐந்து நூற்றாண்டு காலடியில் போகிறது. இவ்வளவும் இன்று தெரிவதற்குக் காரணம் மணல். காட்டை வெட்டியும் புல்லை மேய்த்தும் வெளியாக்கிய நிலத்தின் மேல் மேற்குக் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியது. கல்லறைகள் மூடுண்டன, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல். அதே மணலின் அடியில் 11-ஆம் நூற்றாண்டு வயல் ஒன்று, உழுத சால் கலையாமல், அப்படியே கிடைத்தது. உழுதவன் ஓர் ஆண்டு மணல் வாரியதும் நிலத்தைக் கைவிட்டிருக்கிறான். இறந்தோரின் மேட்டையும் உயிரோடிருந்தோரின் வயலையும் ஒரே காற்று மூடியிருக்கிறது. இதே காலத்தை ஒட்டிய நூற்றாண்டில்தான் மேற்கே நீரிணையின் வாயையும் மணல் மூடியது. இரண்டையும் நான் சேர்த்துச் சொல்வதில்லை. கேள்வியாக மட்டும் வைப்பேன். கோர்ப்பது அவர்கள் வேலை. 1992-இல் திறந்த அருங்காட்சியகம் பக்கத்திலேயே உள்ளது. ஆனால் குழுவை முதலில் அங்கே கொண்டுபோவது பிழை. விடையைப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போனால் கேள்வி செத்துப்போகும். முதலில் மேடு, காற்று, புல், ஆட்டுமந்தை, பிறகு கட்டுச்சோறு, அதன் பின் அருங்காட்சியகம். மேட்டின் மேலிருந்து கீழே பார்த்தால் நீரிணை குறுகும் இடம் தெரியும். 1865-இல் மிதவைப் பாலம், 1879-இல் இருப்புப்பாதைப் பாலம், 1933-இல் இன்றைய சாலைப் பாலம், 1969-இல் சுரங்கப்பாதை, எல்லாம் அந்த ஒடுக்கமான இடத்திலேயே. இங்கே ஊர் ஏன் வந்தது என்று அதன் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் நாள் மேற்கே. ஏர்டெபொல்லெ என்ற இடத்தின் பெயர் உலகத் தொல்லியல் நூல்களில் ஒரு பண்பாட்டின் பெயராகவே நிற்கிறது. ஆனால் அங்கே இருப்பது என்ன? கற்கால மனிதர் உண்டு எறிந்த சிப்பி ஓட்டுக் குப்பை. 141 மீட்டர் நீளம், 20 மீட்டர் வரை அகலம், ஏறத்தாழ 2 மீட்டர் தடிப்பு. 1893 முதல் 1897 வரை அதைத் தோண்டி ஆராய்ந்தார்கள். கி.மு. 5000 அளவில் தொடங்கிப் பல நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் உட்கார்ந்து உண்ட மக்களின் சமையற்குப்பை அது. நம் வீடுகளில் சமையற்கட்டுக்கு இருக்கும் இடத்தை நினைத்தால், தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமான தொல்லியல் களம் அமையாது. அப்பம்மா, அம்மம்மா எல்லோரும் இங்கே வாய் திறந்துவிடுவார்கள். எது வேகவைத்தது, எது பச்சையாகத் தின்றது, ஓட்டை எப்படிப் பிளந்திருப்பார்கள் என்ற பேச்சில் அவர்களே ஆசிரியர். வழிகாட்டி அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்பதே நல்லது. அந்தப் பேச்சு அடங்கியதும் நான் கொண்டுவருவது சிப்பியின் உப்பைப் பற்றிய கேள்வியை. இந்தச் சிப்பி வளரக் கடலின் உப்பு வேண்டும். ஆகவே கற்காலத்தில் இங்கே கடல்நீர் தாராளமாக ஓடியிருக்கிறது. மேற்கு வாய் அடைபட்டிருந்த நூற்றாண்டுகளில் நீர் சப்பென்று ஆனது, சிப்பிக்கு இடமில்லை. 1825 பிப்ரவரி 3-ஆம் நாள் புயலில் வடகடல் அகர் என்னும் மணல் திட்டை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஒரே அடியில் வட யூட்லாந்து தீவானது. நன்னீருக்குப் பழகிய மீன்கள் மடிந்தன, கரையோரப் புல்வெளிகள் உப்பேறின, மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் பிழைப்பு கவிழ்ந்தது. அதன் பின் 1851-இல் நீரிணைக்குள் சிப்பி மறுபடி கண்டறியப்பட்டது. லிம்ஃபியோர்ட் சிப்பி என்று இன்று விலையேறிய உணவகங்களில் பரிமாறுவது அந்த உடைப்பின் பிள்ளைதான். கையில் ஒரு சிப்பி ஓட்டை வைத்துக்கொண்டு ஏழாயிரம் ஆண்டுக் கடல் வரலாற்றைச் சொல்லிவிடலாம். இதற்கு ஈடான பாடத்தை எந்தப் பளிங்குத் தூணும் எனக்குத் தந்ததில்லை.

அங்கிருந்து லொக்ஸ்டோருக்கும் அகர்ஸ்போர்க்குக்கும் போகிறோம். அகர்ஸ்போர்க் கோட்டை, அரசர் ஹரால்ட் நீலப்பல் காலத்தில், 980-ஐ ஒட்டி எழுந்தது. உள்விட்டம் 240 மீட்டர். வைக்கிங் வட்டக் கோட்டைகளில் இதுவே ஆகப் பெரியது. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்தில் ஒன்று. போய் நின்றால் தாழ்ந்த மண்கரை ஒன்று வட்டமாக ஓடுகிறது, அவ்வளவுதான். அதனால் பலர் இதைத் தவிர்த்துவிடச் சொல்வார்கள். நான் தவிர்ப்பதில்லை. கல் எதுவும் நிற்காத இடத்தில் பிள்ளைக்கு ஓடித் திரிய இடமிருக்கிறது. வட்டத்தைக் காலால் சுற்றி வந்து எத்தனை அடி என்று எண்ணினால் 240 மீட்டர் என்ற எண்ணுக்கு உடம்பில் ஓர் அளவு கிடைக்கிறது. சுற்றி முடித்ததும் கீழே நீரிணையின் ஒடுங்கிய துறையைக் காட்டி, மேற்கிலிருந்து கப்பல் வந்தால் எந்த வழியாக வரவேண்டும் என்று கேட்டால் கோட்டை ஏன் இங்கே என்பது விளங்கும். லொக்ஸ்டோரில் இதன் மறுபக்கம். அங்கே நீரிணையின் மணல் திட்டு கப்பல்களைத் தட்டிநிறுத்தியதால், திட்டைச் சுற்றிப் போகக் கரையோரமாக ஒரு கால்வாய் வெட்டி 1861-இல் திறந்தார்கள். ஏழாம் ஃப்ரெடரிக் அரசரின் பெயர் அதற்கு. பிற்காலத்தில் திட்டின் ஊடாகவே தூர்வாரி வழி செய்ததும் கால்வாய் வேலையற்றுப் போனது. கோட்டை கட்டியவனும் கால்வாய் வெட்டியவனும் தண்ணீரோடு வழக்காடியவர்களே.

மூன்றாம் நாள் ஸ்காகன் போகலாம், மணலில் புதையுண்டு 1795-இல் கைவிடப்பட்ட தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்க்கலாம். வழியில் ரூப்யேர் க்னூடெ கலங்கரை விளக்கம், கடல் அரிக்க அரிக்க 2019-இல் 70 மீட்டர் உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. அதற்குள் பிள்ளைகளே விளக்கிவிடுவார்கள் என்பதால் அந்த நாளைப் பற்றி நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, இது விடுமுறையா என்ற கேள்வி. வேலை, பள்ளிக்கூடம், இருட்டுக் குளிர்காலம் எல்லாம் தாண்டி மூன்று வாரம் கிடைக்கிறது, அதில் காற்று அறையும் மேட்டில் நின்று மண்ணைப் பார்க்கவா என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. வெயில் ஒரு தேவை. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நான் கேட்பது மூன்று நாள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் நாட்களில், வீட்டுக் கட்டிலில் உறங்கி, வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகும் பயணம். விமானச் சீட்டு இல்லை, விடுதி இல்லை. காற்று புகாத மேலாடையும், பேருந்தில் மாற்றுக் காலுறையும், எந்தெந்த இடத்தில் கழிவறை உண்டென்ற தெளிவும் இருந்தால் சிறு பிள்ளைகளும் தாங்குவார்கள். மறு ஆண்டு கிரீட்டின் வெயிலுக்குப் போகட்டும். இன்னொரு எதிர்ப்பு, நின்றிருக்கும் கட்டடத்தின் பெருமையை மண்மேடு தருமா என்பது. தராது. எபேசஸ் அரங்கத்தின் மேற்படியில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கீழே நோக்கும்போது உள்ளே நிகழும் வியப்பை அகர்ஸ்போர்க்கால் உண்டாக்க முடியாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வியப்பு கேள்வியை வாயடைக்கவும் செய்கிறது. பெரிய கட்டடத்தின் முன் பிள்ளை கேட்பது யார் கட்டினார், எத்தனை பேர் அமரலாம் என்பதே. ஒன்றுமில்லாத மேட்டின் முன் கேட்பது, ஏன் இங்கே என்று. பிந்திய கேள்வியைக் கற்றுக்கொண்ட பிறகு அரங்கத்துக்குப் போனால் இரண்டும் கிடைக்கும். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இதையெல்லாம்விட நம் சமூகத்திலிருந்து எழும் எதிர்ப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிள்ளைகள் தமிழே தடுமாறுகிறார்கள், மாந்தையும் நல்லூரும் தெரியாதவர்களுக்கு வைக்கிங் கல்லறை எதற்கு என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு வலி உண்டு, அதை அறியாமல் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், அகதிகளாக வந்திருந்த ஈழத் தமிழர்களின் குடும்பங்கள் இங்கே வந்து சேரும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். அது தமிழர் வழக்கு என்றே இந்த நாட்டு அரசியல் வரலாற்றில் பெயர் பெற்றது. 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார், 1995-இல் நாட்டின் உயர் அரசியல் வழக்கு மன்றம் அமைச்சரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. மனைவிக்கும் பிள்ளைக்கும் காத்திருந்த தலைமுறைதான் இன்று தாத்தா பாட்டிகளாகப் பேருந்தின் முன் இருக்கையில் வருகிறது. மூன்று தலைமுறையும் ஒரே பேருந்தில் போவது அவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. ஆகவே மூத்தவர்களை உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்தும் முறையை நான் ஏற்பதில்லை. அவர்களிடம் இருக்கும் சான்றை வெளியே எடுக்க இடம் தர வேண்டும், அதற்கும் லிம்ஃபியோர்ட்டே வழி செய்கிறது.

திருக்கேதீச்சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தம், சிவராத்திரி. நம் மூத்தவர்களில் பலருக்கு அந்தப் பதிகங்கள் மனப்பாடம். கோயிலுக்கு அருகே அகழி சூழ்ந்து மேடாகக் கிடப்பதுதான் மாந்தை, அதாவது மாதோட்டம் என்னும் பழைய துறைமுகம். 1980-களின் தொடக்கத்தில் ஜான் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசியக் கலங்களும் அங்கே கிடைத்தன. 11-ஆம் நூற்றாண்டுக்குப் பின் துறைமுகம் ஓய்ந்தது. சுந்தரர் பாட்டிலோ அந்தக் கடலில் கப்பல்கள் நிறைந்திருந்த செய்தி வருகிறது. ஆயிரம் முறை பாடிய வாய்க்கும் அது அலங்காரச் சொல்லாகவே பட்டிருக்கும். லிண்ட்ஹோல்ம் மேட்டிலும் ஏர்டெபொல்லெ குப்பையிலும் இரண்டு நாள் கழித்த பிறகு அதே வரி ஆவணமாகக் காதில் விழுகிறது. பாட்டிக்கு வரி தெரியும், பேரனுக்குக் கேள்வி தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் மாதோட்டத்துக் கடல் எங்கே நின்றது என்று கேட்க முடியும். தாமிரபரணியின் வண்டல் உள்ளே தள்ளிய கொற்கையையும், கடல் எதிர்ப்பக்கமாக வந்து கரைத்த தரங்கம்பாடியையும் இதே வழியில் அணுகலாம். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை இந்த நாட்டுப் பாடநூல் டேனிய வரலாறாகப் பார்க்கும், நம்மவர் தமிழ்நாட்டு வரலாறாகப் பார்ப்பார்கள். அதன் அருகே அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டினால் இரண்டும் ஒரே கரையின் வரலாறு என்பது பிள்ளைக்குத் தெரியும். வைக்கிங் கல்லறை தமிழைத் தள்ளிவிடும் என்ற அச்சம் இதனால்தான் எனக்கு இல்லை.

அடுத்த ஆண்டு மத்தியதரைக்கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு நான் வகுக்கும் திட்டத்தில் இடங்கள் குறைவு, ஒரு நாளைக்கு ஒன்று. கிரீட் தீவு என்றால் மேற்கு முனையில் ஃபலசர்னா. கி.பி. 365-இல் வந்த பூகம்பம் அந்தக் கரையை ஆறு மீட்டருக்கு மேல் தூக்கிவிட்டது. பழைய துறைமுகம் இன்று கடல் மட்டத்துக்கு மேலே வறண்டு கிடக்கிறது, சுற்றி ஒலிவ மரங்கள். வண்டலும் மணலும் செய்ததை இங்கே நிலமே செய்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் வழிகாட்டி எதுவும் பேச வேண்டியதில்லை. பிள்ளைகளை வறண்ட துறைமுகத்தின் தரையில் நிறுத்தி, கப்பல் எந்தப் பக்கமாக உள்ளே வந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, பாட்டிமாருக்கு நிழல் தேடிக் கொடுத்தால் போதும்.